கறுப்பு மூடி

மத்தியானம் மூன்று மணி. கிடங்குகளுக்குப் பின்புறமாகப் போகிற ரோடு. ஒரு பக்கம் இழுத்துப் பூட்டிய ஷட்டர்கள், மறு பக்கம் நீளமாக ஒரு மதில். ஈ காக்கை கிடையாது. தார் இளகுகிற வாசனை. அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக்... அதில் ஒரே ஒரு ஆள்.

யார் அங்கே சிரிப்பது? பேய்க்கு ராத்திரி பன்னிரண்டு மணிதான் டூட்டி நேரம் என்று எந்த ஆபீஸில் எழுதி ஒட்டியிருக்கிறது? இது மத்தியானத்தில் நடந்தது. அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். ராத்திரி என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். பட்டப்பகலில் என்ன செய்வது?

என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது. சிநேகிதனின் தங்கையைக் கட்டியவன். கடைசியில் நடந்ததைச் சிநேகிதனே கண்ணால் பார்த்திருக்கிறான், காதால் கேட்டிருக்கிறான். அவன் புளுகுகிற ஆள் இல்லை. புளுகுவதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

இந்த நேரத்தில் இதை ஏன் எடுத்தேன் என்றால், இன்றைக்கு இந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிற நம் வீட்டுக்காரர் செய்துகொண்டிருக்கிற வேலைதான் காரணம். சாமான் தூக்கிய அசதியில் நாமெல்லாம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கிறோம். இவர் மட்டும் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

“எல்லாம் சரியாத்தாண்ணே மாட்டியிருக்கேன். சாதாரண ஒயர்தானே இது?” என்கிறார்.

சாதாரண ஒயர் இல்லை தம்பி. சாதாரண ஒயரில் மின்சாரம் போகும். இது ஆப்டிகல் கேபிள், இதில் வெளிச்சம் போகிறது. டிவி தான் பேசுவதையெல்லாம் வெளிச்சமாக்கி இந்த முனையில் விடும். அந்த முனையில் சவுண்ட்பார், டிவிக்கு அடியில் வைக்கிற அந்த நீள ஸ்பீக்கர் பெட்டி, அந்த வெளிச்சத்தை மறுபடி பேச்சாக்கும். சவுண்ட்பார் பக்கத்து நுனியில் கறுப்பாக ஒரு மூடி இருக்கிறதே, பயறு அளவில், அது தூசி படாமல் இருப்பதற்காகப் போட்டது. அதைக் கழற்றாமல் சொருகினால் முக்கால்வாசி உள்ளே போய் நின்றுகொள்ளும். சத்தம் மட்டும் வராது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. கழற்று... பார்த்தீர்களா, சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி. யாரோ பேசுகிறார்கள், நமக்குப் புள்ளியாகத் தெரிகிறது. அதை இன்னும் சொருகாதே. நான் சொல்லி முடிக்கிறேன்.

மச்சானுக்கு இதுதான் தொழில். புதிதாக டிவியும் சவுண்ட்பாரும் வாங்குகிற வீடுகளுக்குப் போய் மாட்டிக் கொடுப்பான். கெட்டிக்காரன். மூடியைக் கழற்றியதும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், கீழே கிடந்தால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் என்று. துவைக்கிற நாளில் அவன் பைகளிலிருந்து இந்த மூடிகள் உதிரும். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர்களைச் சோபாவில் உட்காரவைத்து, மழைச் சத்தம் ஒன்றைப் போட்டுக் காட்டுவான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மழை நகரும். அவர்கள் கழுத்தும் கூடவே திரும்பும். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

சரி, ரோட்டில் விட்டுவிட்டு வந்தோமே. பைக்கில் வரும்போது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தான். பக்கத்து ஃப்ளாட் டியூஷன் டீச்சர்.

“ஏங்க, டிவியை அணைக்காம போயிட்டீங்களா? ஒரே பேச்சுச் சத்தம். பசங்களுக்குப் பாடம் நடத்த முடியல.”

“எங்க வீட்டுலயா? வீடு பூட்டிக் கிடக்குதுங்க. அவளும் வேலைக்குப் போயிருக்கா.”

“பூட்டித்தான் இருக்கு, நானே வந்து பார்த்துட்டேன். உள்ள யாரோ பேசுறாங்க. பேசிப் பேசிச் சிரிக்கிறாங்க.” டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். “உங்க குரல் மாதிரியே இருக்குங்க.”

அவன் அங்கேயே நிற்கட்டும். வெயிலில் நிற்கட்டும். செய்த காரியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாலும் தப்பில்லை. அது என்ன காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது. செய்தவன் நான் இல்லை. ஆனாலும் கூசுகிறது.

அவன் அப்பாவுக்குக் காது மந்தம். இரும்புத் தகட்டில் ஆணி அறைகிற பட்டறையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் போன காது. இடது காது சுத்தமாக அவுட், வலது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். அந்த வேலையில்தான் மகளையும் மகனையும் ஆளாக்கினார். மகள் மூத்தவள், மச்சானுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் வெகு தூரம். அடிக்கடி போனில் கூப்பிடுவாள். அவர் போனை வலது காதில் அழுத்தி வைத்துக்கொள்வார். அவள் அங்கே தொண்டை கிழியக் கத்துவாள், இவர் இங்கே கத்துவார். பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் பேசி முடித்தால் அன்று முழுக்க அவர் முகம் தெளிவாக இருக்கும்.

அந்த அப்பாவுக்காகத்தான் மச்சான் ஒரு சவுண்ட்பார் வாங்கி வந்தான். டிவிக்கு அடியில் வைத்து, ஆப்டிகல் கேபிள் மாட்டி, டிவியின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, எல்லாச் சத்தத்தையும் அதன் வழியே வரும்படி செய்தான். அப்பாவுக்குக் காட்டு மிருகங்கள் நிகழ்ச்சி என்றால் உயிர். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வரும். அன்றைக்குச் சிங்கம் ஒன்று கர்ஜித்தது. மனுஷன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

“கேக்குதுடா! எனக்குக் கேக்குதுடா!”

மகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அக்கா இதைக் கேள்விப்பட்டு, சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொன்னாள். ‘என் தம்பி எங்கப்பாவுக்குக் காதைத் திருப்பிக் குடுத்துட்டான்’ என்று. பிள்ளை என்றால் இவன் பிள்ளை என்று பேர் வந்துவிட்டது. மச்சானுக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் சிங்கம் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் சேர்த்துக் கர்ஜித்தது. டீச்சர் முதலில் மரியாதையாகச் சொன்னாள். அப்புறம் ஒருநாள் மாடிப்படியில், நாலு பேர் ஏறி இறங்குகிற நேரத்தில், மானத்தை வாங்கிவிட்டாள்.

“ஊருக்கெல்லாம் சவுண்டு செட் பண்ணிக் குடுக்கறீங்க. உங்க வீட்டுச் சவுண்டைக் குறைக்கத் தெரியாதா? சிங்கம் கத்துனா என் பசங்க பேனாவைக் கீழ போட்டுட்டுச் சிரிக்குதுங்க.”

நாலு பேரும் சிரித்தார்கள். மச்சான் தலையைக் குனிந்தபடி வீட்டுக்குள் வந்தான். “அப்பா, கொஞ்சம் குறைங்கப்பா” என்றான். “குறைச்சுட்டேனே” என்றார் அவர், உச்சத்தில் வைத்துக்கொண்டே. அவன் கையால் ஜாடை காட்டினான். அவர் குறைத்தார். அரை மணி நேரத்தில் கை தானாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

மறுநாள் காலை, அவர் குளிக்கப் போயிருந்தபோது, மச்சான் சட்டைப்பையில் கையை விட்டான். ஒரு மூடி தட்டுப்பட்டது. சவுண்ட்பாரின் பின்பக்கம் கேபிளை உருவினான், மூடியைப் போட்டான், திரும்பச் சொருகினான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. ‘இன்னிக்கு ஒருநாள். சாயங்காலம் எடுத்துடலாம்’ என்று நினைத்தான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

மூன்று மணிக்கு அப்பா வந்து உட்கார்ந்தார். சிங்கம் வாயைத் திறந்தது... மூடியது. அப்பா ரிமோட்டை அழுத்தினார். சவுண்ட்பாரின் முகப்பில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் உண்டு, சத்தம் கூடக் கூட ஒவ்வொன்றாக எரியும். நான்கும் எரிந்தன. அவர் ரிமோட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். வலது காதைத் தொட்டுக்காட்டி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஏதோ அவர் தப்புச் செய்துவிட்ட மாதிரி.

“நின்னுபோச்சுடா.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இல்லப்பா, காது இல்ல, கேபிள்’ என்று எழுந்துபோய் மூடியை எடுத்திருக்கலாம். ஐந்தடி தூரம். மச்சான் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினான்!

“அடப்பாவி” என்கிறாள் இந்த வீட்டுக்காரி. சொல்லம்மா, நன்றாகச் சொல்லு.

சாயங்காலம் டீச்சர் படியில் பார்த்துச் சிரித்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. இன்னும் ஒருநாள் இருக்கட்டும் என்று தோன்றியது. மறுநாள் அப்படியே. அப்புறம் எடுப்பதற்கே பயமாகிவிட்டது. எடுத்தால், இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று ஆகும். அதோடு இன்னொன்று நடந்தது. அதற்கு முன்பெல்லாம் காதுக்குப் பக்கத்தில் கத்தினால் அப்பாவுக்குக் கேட்கும். அந்த நாளிலிருந்து கத்தினாலும் அவர் திரும்பவில்லை. மகள் போன் செய்தால் வாங்கி வலது காதில் வைத்துக்கொள்வார், சும்மா இருப்பார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘பாத்தியா, காது நிஜமாவே போயிடுச்சு. நாம ஒண்ணும் பண்ணல’ என்று மச்சான் மனசைத் தேற்றிக்கொண்டான். அக்காவிடமும் அதையே சொன்னான்.

“அவருக்குச் சுத்தமா கேக்கலைக்கா. நீ கத்தி என்ன பிரயோஜனம்?”

மனைவிக்கும் மூடி விஷயம் தெரியாது. அவளும் காது போய்விட்டது என்றே நம்பினாள். கேட்காத மனுஷன் முன்னால் வீட்டில் எல்லாமே பேசலாம் என்று ஆகிவிட்டது. அவர் நாற்காலியில் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டி, அவர் தலைக்கு மேலே, இவர்கள் பேசுவார்கள். முதியோர் இல்லம் பற்றி. அவர் அறை காலியானால் யாருக்கு என்பது பற்றி. ‘மெதுவா பேசுங்க’ என்பாள் அவள். ‘கேக்காது, நீ பேசு’ என்பான் இவன்.

ஒருநாள் மத்தியானம் தொழில் சிநேகிதன் ஒருத்தனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். சோபாவில் சாய்ந்துகொண்டு, அப்பாவுக்குப் பக்கவாட்டில். பேச்சு எங்கேயோ சுற்றி, பெரியவர்களைச் சமாளிப்பதில் வந்து நின்றது. மச்சான் சிரித்துச் சிரித்துச் சொன்னான். எப்படி மூடியைப் போட்டான், எப்படி அவர் காதைத் தொட்டுக் காட்டினார், எல்லாம். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியில்தான் போய்ச்சேர்ந்தார். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு மிருகம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் மச்சான் தோளைத் தட்டினார்கள். ‘இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்’ என்றார்கள். ஒவ்வொரு தட்டும் செருப்படி மாதிரி விழுந்தது அவனுக்கு. அக்காவால் வர முடியவில்லை. அவள் போனில் அழுதாள். “கடைசி வருஷம் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியலையேடா” என்று. அவன் ‘விடுக்கா’ என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அந்த டிவியை யாரும் போடவில்லை. மூடியை எடுக்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள்.

மச்சான் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. படியேறும்போதே கேட்டது. கதவில் காதை வைத்தான். அவன் குரல்தான். சிரிப்பும் அவன் சிரிப்புத்தான். சாவியைப் போட்டான். கதவைத் தள்ளித் திறந்தான்.

ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. அரை இருட்டு. தைல வாசனை... அப்பா முழங்காலுக்குத் தடவுவாரே, அந்தத் தைலம். டிவி கறுப்பாக இருந்தது, அதன் சுவிட்ச்கூடப் போட்டிருக்கவில்லை. அடியில் சவுண்ட்பாரில் மட்டும் நான்கு வெள்ளைப் புள்ளிகளும் எரிந்தன.

“ஒரு சின்ன மூடிதாண்டா... மாட்டிவிட்டேன். மனுஷன் காதே போச்சுன்னு நம்பிட்டாரு...”

யாராவது இதைப் பதிவு செய்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மச்சானும் முதலில் அப்படித்தான் நினைத்தான். ஆனால் சத்தம் எங்கிருந்து எப்படி வருகிறது என்று கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. நின்று கேட்டான். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அடைத்துவைத்த மாதிரி செத்துக் கிடந்தது. வலது பக்கம் மட்டும், மங்கலாக, பஞ்சு வழியாக வருகிற மாதிரி... ஆனால் ஒரு சொல் விடாமல். சோபாவிலிருந்து பேசுகிற குரல். அதைக் கேட்கிற காது இருக்கிற இடம் சோபா இல்லை. நாற்காலி. ரொம்பக் கிட்டத்தில், குரலுக்கும் முன்னால், வயதான ஒருவர் மூச்சு விடுகிற சத்தம். அவன் குரல் சிரிக்கும்போதெல்லாம் அந்த மூச்சு கொஞ்சம் நின்று நின்று வந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவருக்குக் கேட்டிருக்கிறது. எல்லாமே கேட்டிருக்கிறது. மகன் தலையை ஆட்டிய நாளிலிருந்து கேட்காதவர் மாதிரியே இருந்துவிட்டிருக்கிறார்.

பாய்ந்துபோய்ப் பின்னால் கையை விட்டுக் கேபிளை உருவினான். நுனியில் மூடி அப்படியே இருந்தது. அதன் வழியாக எதுவும் போயிருக்க முடியாது. சத்தம் நிற்கவில்லை. மூடியைப் பிடுங்கினான். கேபிளின் மறு முனை அணைந்த டிவியில் கிடக்கிறது... இந்த முனையில் சிவப்பாக வெளிச்சம் துடித்தது. குரல் ஏறி இறங்குவதற்குத் தகுந்தபடி துடித்தது. சுவரில் இருந்த கரண்ட் பிளக்கை இழுத்துப் பிடுங்கின பிறகுதான் பேச்சு நின்றது. தைல வாசனை மட்டும் போகவில்லை.

“அந்தக் கேபிளைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்” என்கிறான் நம்மில் ஒருத்தன், போர்வைக்குள்ளிருந்து. பயப்படாதே, வெறும் பிளாஸ்டிக்தான் அது.

மச்சான் அந்தக் கேபிளை இரண்டாக மடித்தான். உள்ளே இருப்பது கண்ணாடி மாதிரி, அழுத்தி மடித்தால் நொறுங்கிவிடும். நொறுங்குகிற வரைக்கும் மடித்து, பேப்பரில் சுற்றி, அதே கிடங்கு ரோட்டில் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். சவுண்ட்பாரைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினான். டீச்சரிடம், “டிவியை அணைக்க மறந்துட்டேங்க” என்றான். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லவும் வழி இல்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். என் சிநேகிதன்தான் வண்டி எடுத்துப்போய் அவளை அழைத்து வந்தான். வந்ததும் நேராக அந்த நாற்காலியிடம் போனாள். அதில் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தியே, அந்தப் பெட்டி எங்கடா?”

“அது... ரிப்பேர்க்கா.”

“நல்லாத்தானே இருந்துச்சு? பரண்ல இருக்கு அண்ணி. அண்ணா, கொஞ்சம் இறக்கிக் குடேன்” என்றாள் அவன் மனைவி. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாதே. என் சிநேகிதன் ஏறி இறக்கினான். போர்வையைப் பிரித்ததும் தைலம் மணந்ததாம். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை மேஜையில் வைத்து, கரண்ட் பிளக்கைச் சொருகினான். மச்சான் முகம் வெளிறிப்போயிருந்தது.

“கேபிள் இல்ல மச்சான். தூக்கிப் போட்டுட்டேன். கேபிள் இல்லாம அது சத்தம் போடாது” என்றான்.

சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் நிம்மதி வந்திருக்க வேண்டும். டிவி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். நடுவில் ஒரு நூல்கூட இல்லை. அக்கா பெட்டியைத் துணியால் துடைத்தாள்.

“என் தம்பி மாதிரி வருமா? நான்தான் பாவி. பெத்த அப்பன்கிட்ட பேசக் குடுத்துவைக்காதவ.”

டக்.

உள்ளே ஏதோ விழித்துக்கொண்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஒரு புள்ளி எரிந்தது. இரண்டு... மூன்று... நான்கு.

முதலில் ஃபேன் சுற்றுகிற சத்தம். ஆனால் அறையில் ஃபேன் ஓடவில்லை. அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது. நாற்காலி அவர்கள் கண் முன்னால் அசையாமல் இருந்தது. அப்புறம் அந்த மூச்சு. அக்கா துணியைக் கீழே போட்டாள். பெட்டிக்குள் எங்கேயோ ஒரு போன் அடித்தது. மச்சானின் குரல் கேட்டது.

“ஹலோ... ஆங், சொல்லுடா. வீட்டுலதான். இல்ல இல்ல, பேசலாம். அப்பா பக்கத்துலதான் இருக்காரு, அவருக்குக் கேக்காது...”

மச்சானுக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் பெட்டியிலேயே இருந்தது.

“இரு. உன் குரல்தானே இது? என்ன சொல்லப் போற?”

பெட்டிக்குள் இருந்த மச்சான் சிரிக்கத் தொடங்கினான். வெளியே இருந்த மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் குரல் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிட்டான். டீச்சர் படியில் கேட்டதிலிருந்து மூடி வரைக்கும். அப்பா காதைத் தொட்டுக்காட்டியது, இவன் தலையை ஆட்டியது, ‘கேக்காது, நீ பேசு’ என்றது. அக்கா பேசிய போன்களைப் பற்றியும். முகத்தை நிமிர்த்தவே இல்லையாம். தரையைப் பார்த்தபடி, வார்த்தை வார்த்தையாக. என் சிநேகிதன் சொன்னான், “ஒரு மனுஷன் அவ்வளவு சின்னதா ஆகி நான் பாத்ததில்லைடா. எழுந்து வெளிய போயிடலாமான்னு இருந்துச்சு. ஆனா எழுந்தா சத்தம் கேக்குமேன்னு உக்காந்திருந்தேன்.”

அவன் பேச ஆரம்பித்ததும் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் மனைவி சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பேசிய பேச்சில் பாதி அவள் பேசியதுதானே.

அக்கா அவன் கையை விட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மச்சான் நாற்காலிப் பக்கம் திரும்பினான். உதடு அசைந்ததா என்றே தெரியாத அளவுக்கு, தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி கேட்டான். பக்கத்தில் இருந்த என் சிநேகிதனுக்கே பாதிதான் காதில் விழுந்தது.

“அப்பா... அன்னிக்கு நான் பேசினது... உங்களுக்குக் கேட்டுச்சா?”

பெட்டியில் ஒரு புள்ளி அணைந்தது. இன்னொன்று. யாரோ ரிமோட்டைப் பிடித்து, பொறுமையாகச் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி. ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தபோது, வயதான குரல், ரொம்பப் பக்கத்தில், ரொம்ப மெதுவாக...

“இல்லப்பா... எனக்கு ஒண்ணும் கேக்கல.”

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அக்கா அழவில்லை. தவழ்ந்து வந்து பெட்டியின் மேல் வாயை வைத்தாள். ஒரு வருஷமாக அந்தக் குரலைக் கேட்காதவள்.

“அப்பா... நான்தாம்ப்பா பேசுறேன். கேக்குதாப்பா?”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். பக்கத்து ஃப்ளாட்டில் பாடம் நடப்பதைப் பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “கேக்கலைன்னு மகன்கிட்ட சொல்லிட்டாருடா. இனிமே மக கூப்பிட்டா எப்படிப் பேசுவாரு?” என்றான் என் சிநேகிதன். அதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு புள்ளி மட்டும் கடைசி வரைக்கும் அணையவில்லையாம். அவள் ஒவ்வொரு தடவை ‘அப்பா’ என்று கூப்பிட்டபோதும், பெட்டிக்குள் ஒரு சத்தம் வந்ததாம். யாரோ வாயைத் திறந்து... பேசாமல்... கையால் பொத்திக்கொள்கிற சத்தம்.